இடது காலில் இரண்டு வலி: எலும்புக்கு ஓய்வா, தசைநாணுக்குப் பயிற்சியா?

காலை_ஓட்டம்

வணக்கம். வயசு 38. பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்காக ஓடிட்டு இருக்கேன். ஒரு மாசத்துக்குள்ள வாராந்திர தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. கூடவே மேடேறி ஓடற பயிற்சியும் சேர்ந்துச்சு. இப்போ இடது கால்ல ரெண்டு இடத்துல வலி.

முதல் வலி கணைக்கால் எலும்போட உள்பக்க விளிம்புல, கணுக்காலுக்கு ஒரு சாண் மேல. மொதல்ல ஓட ஆரம்பிக்கும்போது வலிச்சு, பத்து நிமிஷத்துல அடங்கிடும். இப்போ அடங்கறதில்ல. ஓடி முடிச்சு நடக்கும்போதும் இருக்கு.

ரெண்டாவது வலி குதிகாலுக்குப் பின்னால, அகில்லிஸ் தசைநாண்ல (ஆடுசதையைக் குதிகால் எலும்போட சேர்க்கற நாண்). காலைல எழுந்து முதல் சில அடி வைக்கும்போது விறைப்பு, நடக்க நடக்க விட்டுடும். விரலால பிடிச்சுப் பார்த்தா வலது காலைவிடத் தடிப்பா இருக்கு.

எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு அறிக்கை. ஒருத்தர் முழு ஓய்வுங்கறார். இன்னொருத்தர் ஓய்வெடுத்தா இன்னும் கெட்டுப்போகும், எடை வெச்சுப் பயிற்சி பண்ணுங்கறார். யார் சொல்றது சரி? எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா? வலி மாத்திரை போட்டுட்டு மெதுவா ஓடலாமா?

எலும்பும்_மூட்டும்

இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் இருவரும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் முதல் வலி எலும்பிலிருந்து வருவதாகச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது தசைநாணிலிருந்து. இரண்டுக்கும் காரணம் ஒன்று: தாங்கப் பழகும் முன்பே ஏற்றிய சுமை. வைத்தியம்தான் எதிரெதிர். எலும்பிலிருந்து சுமையை இறக்க வேண்டும், தசைநாணுக்கு அளந்து சுமை கொடுக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக "ஓய்வெடுங்கள்" என்று சொன்னால் ஒன்று ஆறும், மற்றது பலமிழக்கும்.

எலும்பில் நடப்பது இது. சுமை கூடும்போது பழுதான பகுதியை எலும்பு முதலில் கரைத்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைக்க ஏறக்குறைய 3 வாரம், கட்டி முடிக்க 3 மாதம் வரை ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். தூரத்தைக் கூட்டிய மூன்றாம் நான்காம் வாரத்தில் வலி தலைகாட்டுவது இதனால்தான். அப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால் கரைவது கட்டுவதை முந்திவிடும், கடைசியில் விரிசல் விழும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை வலது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். உள்கணுக்கால் மொட்டிலிருந்து தொடங்கி, எலும்பின் உள்விளிம்பு ஓரமாகக் கட்டைவிரல் நுனியால் அழுத்திக்கொண்டே மேலே வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர்தான் நகர வேண்டும், அழுத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். வலிக்கத் தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, வலி மந்தமாகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் ஓட்டக்காரர்கள் ஷின் ஸ்பிளிண்ட் என்று சொல்வது (எலும்பு விளிம்போர வலி, விரிசல் அல்ல). விரல்நுனி அகலத்தில் ஓரிடம் மட்டும் சுரீர் என்று வலித்து, மற்ற இடமெல்லாம் சாதாரணமாக இருந்தால், இல்லையென்று நிரூபிக்கும்வரை அதை ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் எலும்பில் விழும் விரிசல்) என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது அடங்காமல் கூடிக்கொண்டே போவது, நடக்கும்போதும் வலிப்பது, படுத்தபின் விண்விண் என்று தெறிப்பது மூன்றும் எலும்பைத்தான் காட்டுகின்றன. முதலில் அடங்கிய வலி இப்போது அடங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், என் கவலை அதில்தான். நடந்தாலே வலிக்கும் நிலையில் ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்காதீர்கள், அந்தச் சோதனை ஆறிய பிறகு.

எக்ஸ்ரே ஒன்றும் காட்டவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். முதல் 2, 3 வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் காட்டாது. எலும்பு தன்னை ஒட்டுப்போடத் தொடங்கி, அந்தப் புது எலும்பு கெட்டியான பிறகே படத்தில் வரும். சிலருக்கு வராமலே ஆறிவிடுவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. எலும்புக்குள் கோத்த நீரை அதற்கு முன்பே காட்டிவிடும். அறிக்கையில் 1 முதல் 4 வரை நிலை குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். எலும்பின் மேலுறையில் மட்டும் நீர் என்றால் முதல் நிலை, முறிவுக் கோடே தெரிந்தால் நான்காவது. மீண்டும் ஓடும் வரையிலான காலத்தை அந்த எண்தான் தீர்மானிக்கும்: முதல் நிலைக்கு 2–3 வாரம், இரண்டாவதுக்கு 4–6, மூன்றாவதுக்கு 6–9, நான்காவதுக்கு 12 வாரமோ அதற்கு மேலோ. ஆனால் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, வலியே இல்லாத ஓட்டக்காரர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் இப்படி நீர் தெரிவதுண்டு. 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், அணிவகுத்து நடந்த வீரர்களின் பாத வீக்கத்தைப் பற்றி எழுதினார், அதுவும் இதே எலும்பு விரிசல்தான். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு 40 ஆண்டு கழித்து. விரலால் தொட்டுப் பார்ப்பதும், சுமை எப்போது கூடியது என்று கேட்பதும் இன்றைக்கும் பாதி நோயறிதல்.

உங்களுக்கு வலிக்கும் உள்விளிம்பு, ஓரளவு நல்லபடியாக ஆறும் இடம். எல்லா இடமும் அப்படியில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கீழ்க்கண்ட இடங்களில் வலி என்றால் "ஒரு வாரம் பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது:

கவட்டியில் அல்லது தொடையின் முன்பக்கம் ஆழத்தில் வலி, காலை ஊன்றினால் கூடுகிறது. இது தொடை எலும்பின் கழுத்தாக இருக்கலாம். அதன் மேல்பக்கம் விரிசல் விட்டால் முழுதாக உடைந்து விலகும் அபாயம் உண்டு, இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். அன்றைக்கே ஊன்றுகோல், அன்றைக்கே மருத்துவர்.

கணைக்கால் எலும்பின் முன்விளிம்பில் நட்டநடுவே வலி. எலும்பு அந்தப் பக்கம் இழுபடுகிறது, ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் லேசில் ஒட்டாது. எக்ஸ்ரேயில் குறுக்கே ஒரு கருங்கோடு தெரிந்தால் பல சமயம் எலும்புக்குள் கம்பி செலுத்த வேண்டிவரும்.

பாதத்தின் மேல்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரல் வைக்கும் இடத்தில் வலி (நேவிகுலர் எலும்பு). சுண்டுவிரல் பக்க நீள எலும்பின் அடிப்பகுதி. பெருவிரலுக்கு அடியில் உள்ள குட்டி எலும்புகள்.

கணைக்கால் வலிக்கு எலும்பே காரணமாக இல்லாமலும் போகலாம். ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்தில் தவறாமல் கால் இறுகி, பாதம் மரத்துப்போய், நின்ற அரை மணிக்குள் முழுதாகச் சரியானால் அது தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவது. எக்ஸ்ரேயும் சாதாரண எம்.ஆர்.ஐ.யும் இதைக் காட்டாது. ஓடவிட்டு, ஊசி வழியாக அழுத்தத்தை அளக்க வேண்டும். உங்கள் விவரம் அப்படி இல்லை.

எம்.ஆர்.ஐ. வரும்வரை ஓட்டம் வேண்டாம். நொண்டாமல் நடக்க முடிந்தால் நடக்கலாம். நொண்டினால் ஊன்றுகோல் அல்லது வாக்கர் பூட் (கணைக்காலையும் பாதத்தையும் அசையாமல் பிடிக்கும் பூட்).

பிசியோ_மேசை

டாக்டர் எலும்பைப் பத்திச் சொல்லிட்டார், நான் தசைநாணுக்கு வரேன்.

மொதல்ல வலி எந்த இடத்துலன்னு பாருங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தசைநாணைப் பிடிச்சு, குதிகால் எலும்புலேர்ந்து மேல நகர்த்திட்டே போங்க. எலும்புலேர்ந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் உயரத்துல தடிப்பும் வலியும்னா நடுப்பகுதி. எலும்புல ஒட்டுற இடத்துலயே வலின்னா அடிப்பகுதி. பயிற்சி ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. நடுப்பகுதிக்காரங்க படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலைக் கீழ வரைக்கும் இறக்கலாம். அடிப்பகுதிக்காரங்க சமதரைக்குக் கீழ இறக்கவே கூடாது. இறக்கினா தசைநாண் குதிகால் எலும்போட அமுங்கும், வலி கூடும். நல்ல பயிற்சியைச் செஞ்சும் மோசமாச்சுன்னு வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு இந்தத் தப்புதான். அவங்க ஷூவுக்குள்ள ஒரு சென்டிமீட்டர் குதிகால் மேடை வெச்சுக்கிட்டா அமுக்கம் குறையும். ரெண்டு கால்லயும் வைக்கணும், இல்லேன்னா இடுப்பு சாயும்.

உங்களுக்கு எலும்பும் சந்தேகத்துல இருக்கறதால ரெண்டு வலிக்கும் ரெண்டு விதி. தசைநாண் வலி பத்துக்கு 5 வரைக்கும் போகலாம், அடுத்த நாள் காலை விறைப்பு வழக்கத்தைவிடக் கூடாம இருந்தாச் சரி. எலும்பு வலி பத்துக்கு 0. பயிற்சி நடுவுல கணைக்கால் எலும்பு லேசா முணுமுணுத்தாக்கூட அன்னைக்கு அதோட நிறுத்திடணும். ஆடுசதை இழுக்கற இழுவை எலும்பையும் வளைக்கும்கறதால இதை லேசா எடுத்துக்காதீங்க.

முதல் கட்டம், எம்.ஆர்.ஐ. வர்ற வரைக்கும்: நாற்காலில உட்காருங்க, முழங்கால் மேல ஒரு எடையை வைங்க, குதிகாலைப் பாதி உயரம் தூக்கி 45 விநாடி அப்படியே நிறுத்துங்க. 2 நிமிஷம் இடைவெளி. இப்படி 5 தடவை. கணைக்கால் வலிச்சா எடையைக் குறைங்க. அப்பவும் வலிச்சா விட்டுடுங்க.

ரெண்டாவது கட்டம், நடக்கும்போது எலும்பு வலி இல்லேன்னு ஆனதும்: ரெண்டு கால்ல நின்னு குதிகால் தூக்கறது. 3 விநாடி மேல, 3 விநாடி கீழ. ஒரு சுற்றுக்கு 15, மொத்தம் 3 சுற்று. முழங்காலை நேரா வெச்சு ஒருக்கா, மடக்கி உட்கார்ந்து ஒருக்கா. மடக்கிச் செய்யறதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஆடுசதைக்கு அடியில இருக்கற சோலியஸ் தசைதான் ஓட்டத்துல பெரும்பங்கு வேலை செய்யுது, முழங்கால் மடங்கினாத்தான் அது தனியா வேலை செய்யும்.

மூணாவது கட்டம்: ஒத்தைக்கால். இனிமே முதுகுப்பையில எடை. 15 தடவைக்கு மேல முடியாதுங்கற எடைல ஆரம்பிச்சு, மூணு மாசத்துல 6 தடவைக்கு மேல முடியாதுங்கற எடைக்கு வரணும். வாரத்துக்கு 3 நாள் மட்டும், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி. கனமான சுமைக்கு அப்புறம் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் தசைநாண்ல கட்டறதைவிடக் கரையறதுதான் அதிகம், அதுக்கப்புறம்தான் கணக்கு லாபத்துக்குத் திரும்பும். தினமும் கனமாச் செஞ்சா அந்த லாபம் கைக்கே வராது.

1998-ல ஸ்வீடன்ல ஆல்ஃபிரட்சன் குழு வெளியிட்ட பழைய முறையும் இருக்கு. இறக்கறது மட்டும், தினம் ரெண்டு வேளை, முழங்கால் நேரா 3 சுற்று, மடக்கி 3 சுற்று, ஒவ்வொண்ணும் 15. ஒரு நாளைக்கு 180 ஆச்சு, 12 வாரம். அதுவும் பலன் தரும். ஆனா எலும்பும் சேர்ந்து பாதிச்ச கால்ல தினம் 180 தடவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்க கோட்டை விடறாங்கன்னா: வேகமாத் தூக்கி இறக்கறது. குதிகால் வெளிப்பக்கம் சாயறது (எடை பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல விழணும்). மூணாவது வாரம் வலி குறைஞ்சதும் நிறுத்திடறது. தசைநாண் பலம் வர 12 வாரம், வலி அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடும். இன்னொண்ணு, சுவத்தைத் தள்ளி ஆடுசதையை நீட்டி இழுக்கறது. அடிப்பகுதிக்காரங்களுக்கு அது கெடுதல், மத்தவங்களுக்கும் அதால மட்டும் பலம் வராது.

இறகுப்பந்து_மாலை

குறுக்கே வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். இதே விதி முழங்கை வெளிப்பக்க வலிக்கும் பொருந்துமா? தண்ணீர் பாட்டில் தூக்கினால்கூடச் சுரீர் என்கிறது. ஊசி போட்டால் ஒரே வாரத்தில் சரியாகும் என்கிறார்கள்.

பிசியோ_மேசை

பொருந்தும், அதுவும் தசைநாண்தான். முன்கையை மேசை மேல வைங்க, உள்ளங்கை கீழ்ப்பக்கம், மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே. ஒரு கிலோ எடை போதும். இன்னொரு கையால மணிக்கட்டை மேல தூக்கி விட்டுட்டு, வலிக்கற கையால மட்டும் 4 விநாடி எண்ணி மெதுவா இறக்குங்க. 15 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பொருளைத் தூக்கும்போது முழங்கை மடங்கியும் உள்ளங்கை மேல் பார்த்தும் இருக்கட்டும். பட்டை கட்டறதா இருந்தா வலிக்கற எலும்பு மேல கட்டாதீங்க, அதுக்கு ரெண்டு விரல் கீழ, சதை மேல கட்டுங்க. மட்டைப் பிடியை அடிக்கற கணத்துல மட்டும் இறுக்குங்க, மத்த நேரம் தளர்வா. ஊசியைப் பத்தி டாக்டர் சொல்லட்டும்.

காலை_ஓட்டம்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பேனா சோதனைல வலி சின்ன இடத்துல மட்டும்தான். எம்.ஆர்.ஐ. வந்தாச்சு: கணைக்கால் எலும்பு உள்விளிம்புல மேலுறையிலயும் மஜ்ஜையிலயும் நீர்க்கோப்பு, முறிவுக் கோடு இல்ல, ரெண்டாவது நிலை. தசைநாண் வலி எலும்புலேர்ந்து 4 செ.மீ. மேல, அப்போ நடுப்பகுதி. மாத்திரை, ஊசி, பி.ஆர்.பி. (நம்ம ரத்தத்துலேர்ந்தே பிளேட்லெட்டைப் பிரிச்சுப் போடற ஊசி) பத்திச் சொல்லுங்க டாக்டர். சைக்கிள், நீச்சல் பண்ணலாமா?

எலும்பும்_மூட்டும்

இரண்டாவது நிலை, உள்விளிம்பு. அறுவை சிகிச்சைக்கு இதில் வேலையில்லை. ஓட்டத்தை நிறுத்தினால் 4–6 வாரத்தில் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கும் நிலைக்கு வரலாம்.

மாத்திரை: இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றைப் போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது. எலும்பு வலி பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன விதி, வலி உள்ளபடி தெரிந்தால்தான் செல்லும். மாத்திரை அதை மறைத்துவிட்டால் இரண்டாவது நிலை நான்காவதாவது உங்களுக்கே தெரியாது. ஓடாமலே இரவில் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் சுமை இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம், பூட் போட வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி: அகில்லிஸ் தசைநாணுக்குள் வேண்டவே வேண்டாம், அறுந்துபோகும் அபாயம் உண்டு. முழங்கை வலியைப் பற்றிக் கேட்டவருக்கும் இதுவே பதில். ஊசி போட்டால் 6 வாரத்தில் அருமையாக இருக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிட மோசமாக இருக்கிறது, திரும்ப வருவதும் அதிகம். 2006-லும் 2013-லும் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகள் இரண்டும் இதையே காட்டின. வலி போன தெம்பில் சுமையைக் கூட்டிவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பி.ஆர்.பி.: அகில்லிஸ் நடுப்பகுதிக்கு 2010-இல் உப்புநீர் ஊசியோடும் 2021-இல் போலி ஊசியோடும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் பணத்தை அதில் போடச் சொல்ல மாட்டேன். 12 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் சரியாகாவிட்டால் அதிர்வலை சிகிச்சையை (வெளியிலிருந்து கருவியால் அழுத்த அலைகளைச் செலுத்துவது) பயிற்சியோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆறு மாதம் முறையான பயிற்சிக்குப் பிறகும் முடங்கியிருந்தால்தான் அறுவை பற்றிய பேச்சு.

ஒன்று கட்டாயம் கேட்க வேண்டும்: அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? இந்த வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தும், மருந்து முடிந்து சில மாதம் வரைகூட. சாப்பிட்டிருந்தால் உங்கள் பிசியோவிடம் சொல்லுங்கள், எடையை இன்னும் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும்.

ரத்தத்தில் வைட்டமின் டி பாருங்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, எலும்புக் காயம் உள்ளவருக்கு 30-க்கு மேல் இருப்பது நல்லது. கால்சியம் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் அளவில் உணவிலிருந்தே வரட்டும். இதைவிட முக்கியம், ஓடும் அளவுக்குச் சாப்பிடுகிறீர்களா என்பது. பயிற்சிக்கு ஈடாக உணவு இல்லாவிட்டால் உடல் எலும்பு கட்டும் வேலையைத்தான் முதலில் ஒதுக்கி வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது இதன் தெளிவான அறிகுறி. பயிற்சி அதிகம் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு அறிகுறி அவ்வளவு தெளிவாகத் தெரியாது: எடை குறைவு, தீராத களைப்பு, பாலுணர்வு குறைதல். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் இரண்டாம் முறை வந்தவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் "டப்" என்று ஒரு சத்தம், உடனே நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையை வேறொருவர் பிசைந்து பார்க்கட்டும். பாதம் கீழ்நோக்கி அசையாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனை. கணுக்காலைச் சற்று அசைக்க முடிகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், மற்ற தசைகளும் அந்த அசைவைத் தரும்.

நெடுந்தூரக்_கோச்

மருத்துவம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். மீண்டும் ஓடுவது எப்படி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள், அதை விவரமாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் நான்கு தேர்வு. தொடர்ந்து 7 நாள் அன்றாட நடையில் எலும்பு வலி இல்லை. பேனாவால் குறித்த இடத்தை அழுத்தினால் வலி இல்லை. 30 நிமிடம் வேக நடை வலியின்றி முடிகிறது. இடது காலில் மட்டும் 10 முறை குதித்தால் வலி இல்லை. ஒன்று தவறினாலும் ஓட்டம் இல்லை, மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவதை வலது காலோடு ஒப்பிடுங்கள். நல்ல காலுக்கு 25 முறை வரை வர வேண்டும். இடது கால் 12-லேயே ஓய்ந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அந்தக் கால் ஓட்டத்துக்குத் தயாரில்லை. ஓடும்போது அகில்லிஸ் தசைநாண் உடல் எடையைப்போல் ஆறு மடங்கு இழுவை வரை தாங்குகிறது.

பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், 30 நிமிடம். 1 நிமிடம் ஓட்டம் 4 நிமிடம் நடை, ஆறு முறை. அடுத்த படியில் 2-க்கு 3, பிறகு 3-க்கு 2, பிறகு 4-க்கு 1, கடைசியில் முழு 30 நிமிடம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு நாள் சுத்தமாக முடிய வேண்டும். வேகம், பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடியும் அளவுதான். எலும்பு வலி எட்டிப்பார்த்தால் அப்போதே நடைக்கு மாறுங்கள். வலி முழுதாகப் போய் இரண்டு நாள் ஆனபின் ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். "இன்னும் 500 மீட்டர்தானே, முடித்துவிடலாம்" என்ற எண்ணம்தான் இங்கே பெரிய எதிரி.

கூட்டும் வரிசை: முதலில் நேரம், அடுத்து வாரத்தில் நாட்கள், அதற்கடுத்து வேகம், மேடு கடைசி. மேடேறும்போது கணுக்கால் அதிகம் மடங்கித் தசைநாண் நீண்ட நிலையில் இழுபடுகிறது. இறக்கத்தில் எலும்புக்கும் முழங்காலுக்கும் அடி அதிகம். தூரம், மேடு இரண்டையும் ஒரே மாதத்தில் கூட்டியதுதான் உங்களுக்கு வினையானது. ஒரே வாரத்தில் இரண்டு விஷயத்தைக் கூட்டக் கூடாது.

வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டலாம் என்ற பழைய விதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 2008-இல் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் அதைச் சோதித்தார்கள், வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களைவிடக் காயம் குறையவில்லை. வாராந்திரக் கூட்டுத்தொகையைவிட ஒற்றை ஓட்டத்தைக் கவனியுங்கள். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட தூரத்தை எந்த ஒரு நாளும் ரொம்பத் தாண்டக் கூடாது. 8 கிலோமீட்டர்தான் அதிகபட்சமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சேர்ந்து 14 ஓடக் கூடாது, வாரக் கணக்கு சரியாகவே இருந்தாலும்.

அடி எண்ணிக்கையையும் பாருங்கள். இயல்பாக ஓடும்போது 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரை தொடுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 160 வந்தால் 168 ஆக்குங்கள், 5 சதவீதம் போதும். கைபேசியில் தாளக் கருவி ஒன்றை ஓடவிட்டு, 1 நிமிடம் அதனோடு, 1 நிமிடம் இல்லாமல் என்று பழகுங்கள். அடி குறுகும், குதிகால் உடலுக்கு ரொம்ப முன்னால் விழாது, எலும்புக்கும் முழங்காலுக்கும் ஒவ்வொரு அடியிலும் அதிர்ச்சி குறையும். ஆனால் இதைச் செய்கிறேன் என்று நுனிக்காலில் ஓடத் தொடங்கிவிடாதீர்கள், அது சுமையை அப்படியே அகில்லிஸ்மேல் தள்ளும். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரமாக இருக்கும் மெல்லிய ஷூக்களும் அதைத்தான் செய்யும். இப்போதைக்குக் குதிகால் 8–10 மில்லிமீட்டர் உயரமாக உள்ள ஷூ நல்லது.

சைக்கிள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எலும்பு வலி இல்லாதவரை ஓட்டலாம். பெடலை விரல்களின் அடிமேட்டால் மிதிக்காமல் பாதத்தின் நடுப்பகுதியால் மிதியுங்கள், தசைநாண் இழுவை குறையும். இருக்கை ரொம்ப உயரமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நுனிக்காலால் எட்டித் தொட வேண்டிவரும், இரண்டு சென்டிமீட்டர் இறக்குங்கள். எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். நீச்சல் தாராளமாகச் செய்யலாம், திரும்பும்போது இடது காலால் சுவரை உதைக்காதீர்கள். ஓட்டக்காரர்களுக்கு இதையெல்லாம்விட நல்லது ஆழமான தண்ணீரில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஓடுவது. கால் தரையைத் தொடவே கூடாது. முன்பு ஓடிய நேர அட்டவணையை அப்படியே தண்ணீருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

காலை_ஓட்டம்

நன்றி கோச். கடைசியா ஒண்ணு: ஓட்டம்-நடை ஆரம்பிச்ச அப்புறம் குதிகால் பயிற்சியை எந்த நாள் செய்யறது? ஓடற அன்னைக்கா, ஓடாத அன்னைக்கா?

பிசியோ_மேசை

ஓடற அன்னைக்கே, ஓட்டத்துக்கு அப்புறம், 6 மணி நேரமாவது கழிச்சு. காலைல ஓட்டம்னா சாயங்காலம் எடை. அப்போதான் அடுத்த நாள் தசைநாணுக்கும் எலும்புக்கும் முழு இடைவெளி கிடைக்கும். ஓடாத நாள்ல எடையைப் போட்டா வாரம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு இருக்காது. ஓடறதுக்கு முன்னாடி கனமாச் செய்யாதீங்க, களைச்ச ஆடுசதையோட ஓடினா அடியோட அதிர்ச்சி மொத்தமும் எலும்புக்குப் போகும். காலை விறைப்பு எத்தனை நிமிஷம் இருக்குன்னு தினம் குறிச்சு வைங்க. ரெண்டு நாள் தொடர்ந்து கூடினா எடையைக் கால்வாசி குறைங்க, நிறுத்தாதீங்க.